இந்தியாவும் எகிப்தும் வாங்கும் பைன் மரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒப்பிடுவதற்கு ஏன் இந்த இரண்டு நாடுகள்?

இரண்டும் வளரும் நாடுகள். இரண்டும் பைன், ஸ்ப்ரூஸ் மாதிரியான ஊசியிலை மரங்களை வெளியிலிருந்து பெருமளவில் வாங்குகின்றன. இரண்டிலும் வீடு எழும்புவது கான்கிரீட்டிலும் செங்கல்லிலும்தான். இவ்வளவு ஒத்துப்போகும் நாடுகள் மரம் வாங்கும் விதத்தில் மட்டும் நேரெதிர். எகிப்து அறுத்த பலகையாக வாங்குகிறது. இந்தியா பெரும்பகுதியை உருட்டு மரமாக வாங்கி, துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே அறுக்கிறது. இதைக் கவனிக்காமல் போடப்பட்ட ஒப்பீட்டு அட்டவணைகள் நிறையச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பார்த்துக் குழம்பியவர்கள் கேட்கும் கேள்விகள்தான் இங்கே இருப்பவை.

எந்தெந்த மரங்கள் இந்தக் கணக்கில் வரும்?

பைன், ஸ்ப்ரூஸ், ஃபர், ஹெம்லாக், டக்ளஸ் ஃபர், தேவதாரு எல்லாம் வரும். நகத்தால் கீறிப் பார்த்து மென்மையானதா என்று சுங்கத்துறை முடிவு செய்வதில்லை. ஊசியிலை இனமா, அகன்ற இலை இனமா என்பதுதான் பிரிவு. அதனால் பஞ்சு மாதிரி இருக்கும் பால்சா இதில் சேராது. ரப்பர் மரம், தேக்கு, வேம்பு எதுவும் சேராது.

புள்ளிவிவரத்தை எந்தத் தலைப்பில் தேடுவது?

சுங்கத்துறைகள் பயன்படுத்தும் எச்.எஸ். குறியீட்டில் 44ஆம் அத்தியாயம் மரத்துக்கானது. அதில் 4403 உருட்டு மரம். 4407 என்பது 6 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனுள்ள அறுத்த மரம். 4407.11 பைன், 4407.12 ஃபரும் ஸ்ப்ரூஸும், 4407.19 மற்ற ஊசியிலை மரங்கள். 2022 திருத்தத்தில் வட அமெரிக்க மரங்களுக்காக 4407.13, 4407.14 என்ற இரண்டு கிளைகளைச் சேர்த்தார்கள். எனவே பழைய ஆண்டுகளையும் புதிய ஆண்டுகளையும் ஒரே தொடராகக் கோர்ப்பவர்கள் இந்த நான்கையும், அப்புறம் 19ஐயும் கூட்டிவிட்டுப் பார்ப்பது நல்லது. இல்லையென்றால் 2022இல் ஏதோ ஒரு மரம் திடீரென்று காணாமல் போனதுபோலத் தெரியும்.

உருட்டு மரத்தில் ஊசியிலை இனங்கள் 4403.21 முதல் 4403.26 வரை. இந்தியாவைப் பற்றிப் பேசுபவர் இந்த வரிசையைத் திறக்காமலே விட்டுவிட்டால், பேசுவதில் பாதிக்கு மேல் விடுபட்டுப்போகும்.

4407ஐ மட்டும் வைத்து ஒப்பிட்டால் என்ன ஆகும்?

பத்து கோடிச் சொச்சம் மக்கள் இருக்கும் எகிப்து, நூற்று நாற்பது கோடிக்கு மேல் மக்கள் இருக்கும் இந்தியாவைவிடப் பல மடங்கு மரம் வாங்குவதாகத் தெரியும். அந்தத் தலைப்பின் எல்லைக்குள் அது உண்மையும்கூட: அறுத்த ஊசியிலைப் பலகை இறக்குமதியில் உலகின் பெரிய நாடுகளுள் எகிப்து ஒன்று; இந்தியா அந்த வரிசையில் முன்னால் இல்லை. ஆனால் அதை வைத்து "இந்தியாவில் பைனுக்குச் சந்தை இல்லை" என்று முடிவுகட்டுவது தவறு. குஜராத்தின் காந்திதாமில் மலைமலையாக அடுக்கிக் கிடக்கும் உருட்டு மரம் 4407இல் வராது, அவ்வளவுதான்.

தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால், உருட்டு மரத்தைச் சேர்த்த பிறகும் எகிப்து வெகுதூரம் முன்னால்தான் நிற்கும். அந்த வித்தியாசம் நிஜம். அதற்கான காரணம் காட்டில் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

உருட்டு மரத்தைப் பலகைக் கணக்குக்கு எப்படி மாற்றுவது?

அறுக்கும்போது பக்கப்பட்டை, மரத்தூள், ஓரக்கழிவு எல்லாம் போய்விடும். நடுத்தரமான பைன் உருட்டில் ஏறக்குறைய பாதி, நல்ல மில்லாக இருந்தால் அதற்குச் சற்று மேல், பலகையாகத் தேறும். கற்பனைக் கணக்கு ஒன்று: 'அ' நாடு 10 லட்சம் கன மீட்டர் உருட்டு மரமும் 2 லட்சம் கன மீட்டர் பலகையும் வாங்குகிறது. 'ஆ' நாடு 6 லட்சம் கன மீட்டர் பலகை மட்டும் வாங்குகிறது. பலகையை மட்டும் பார்த்தால் 'ஆ' மூன்று மடங்கு பெரிய நாடு. உருட்டில் பாதி தேறும் என்று வைத்தால் 'அ'வின் கணக்கு 7 லட்சம், அதுதான் பெரியது. இரண்டையும் அப்படியே கூட்டி 12 லட்சம் என்று எழுதுபவர்களும் உண்டு. அதுவும் தப்பு.

அளவு அலகில் வேறு சிக்கல் உண்டா?

உண்டு, உருட்டு மரத்தில்தான். நியூசிலாந்து உருட்டு மரம் ஜப்பானிய அளவு முறையான 'ஜாஸ்' கன மீட்டரில் விற்கப்படுகிறது. நம் ஊர் மரவாடிகளில் பழகிய ஹோப்பஸ் முறையில், சுற்றளவை நாலால் வகுத்து வர்க்கமாக்கி நீளத்தால் பெருக்குவார்கள். அப்படி அளந்தால் உண்மையான கன அளவில் 78.5 சதவீதம்தான் வரும். உண்மையான கன மீட்டர் ஒன்றில் 35.3 கன அடி. ஹோப்பஸ் கன அடியில் அதே மரம் 27.7 மட்டுமே. விலை கேட்கும்போது எந்த அடி என்று கேட்காதவருக்கு நஷ்டம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. அறுத்த பலகையில் இந்தத் தலைவலி குறைவு.

இந்தியா ஏன் உருட்டு மரமாக வாங்குகிறது?

முதல் காரணம் சுங்க வரி. பல ஆண்டுகளாக உருட்டு மரத்துக்கு அடிப்படைச் சுங்க வரி 5 சதவீதம், அறுத்த மரத்துக்கு 10 சதவீதம். அதன் மேல் சமூக நலக் கூடுதல் வரியாக அந்த வரித்தொகையில் பத்தில் ஒரு பங்கு சேரும். ஆக 100 ரூபாய் உருட்டுக்கு 5.50, 100 ரூபாய் பலகைக்கு 11. பலகையின் விலையே உயர்வு என்பதால், ரூபாய்க் கணக்கில் இடைவெளி இன்னும் அகலமாகும். இங்கே அறுப்பவனுக்கு அரசு கொடுக்கும் மறைமுகப் பாதுகாப்பு அது.

இரண்டாவது, அறுக்க ஆள் இருக்கிறார்கள், மில் இருக்கிறது. குஜராத்தில் கண்ட்லா துறைமுகத்தை ஒட்டிய காந்திதாம் பிரிவினைக்குப் பின் சிந்து அகதிகளுக்காக உருவான ஊர்; கராச்சி கையைவிட்டுப் போனதை ஈடுகட்ட வளர்க்கப்பட்டது கண்ட்லா. இன்று அந்தப் பட்டையில் சாமில்கள், அதாவது மர அறுவை ஆலைகள், வரிசைகட்டி நிற்கின்றன. கப்பலில் இறங்கும் மரம் சில கிலோமீட்டர் தள்ளிப் பலகையாகி, அங்கிருந்து லாரியில் வட இந்தியா முழுக்கப் போகிறது. பக்கப்பட்டையும் தூளும் வீணாவதில்லை; எரிபொருளாகவும் பலகை ஆலைக்கும் விலைபோகும். கழிவு விற்கும் இடத்தில் உருட்டு வாங்குவது லாபம்தான்.

மூன்றாவது, இந்தியத் தச்சர் கேட்கும் அளவு விசித்திரமானது. சரக்கு அடுக்கும் பேலட்டுக்கு ஒரு தடிமன், சென்ட்ரிங்குக்கு ஒன்று, ரீப்பருக்கு ஒன்று என்று கடைக்குக் கடை மாறும். ஸ்வீடன் மில்லில் போய் "ஒன்றரைக்கு முக்கால் அங்குலம்" என்று கேட்டால் நடக்காது. காந்திதாமில் நடக்கும்.

அப்படியென்றால் எகிப்து ஏன் பலகையாக வாங்குகிறது?

பாதுகாக்க வேண்டிய உள்ளூர் அறுவைத் தொழில் பெரிதாக இல்லை என்பதே அடிப்படை. நாட்டில் 90 சதவீதத்துக்கு மேல் பாலைவனம். காடு என்று சொல்லக்கூடியது நிலப்பரப்பில் ஒரு சதவீதத்தின் சிறு துளி. காடில்லாத இடத்தில் உருட்டு மரத்தை அறுத்துப் பழகிய பெரிய மில்கள் எங்கிருந்து வரும்?

இன்னொன்று தூரம். பால்டிக் கடல் துறைமுகங்களிலிருந்து அலெக்சாண்டிரியாவுக்கு வழி நேர். கட்டுக்கட்டாகப் பலகை ஏற்றிய கப்பல்கள் சூயஸைத் தொடாமலே வந்து சேரும். அறுத்துக் காயவைத்த பலகையில் தண்ணீர் குறைவு, கழிவு இல்லை. கொடுக்கும் சரக்குக் கட்டணம் ஏறக்குறைய முழுக்க உபயோகப்படும் மரத்துக்கே. ஐரோப்பிய ஒன்றியத்துடன் 2004 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கூட்டாண்மை ஒப்பந்தமும் இந்த வழியைச் சுலபமாக்கியது.

மரத்துக்கு வடக்கே கப்பல் அனுப்புவது எகிப்துக்குப் புதிதல்ல. மன்னர் ஸ்னெஃபெரு காலத்தில், அதாவது ஏறத்தாழ 4,600 ஆண்டுகளுக்கு முன், நாற்பது கப்பல் தேவதாரு கொண்டுவந்ததை, பழைய எகிப்திய மன்னர்களின் ஆண்டுக் குறிப்பான பலெர்மோ கல்வெட்டு சொல்கிறது. கீசாவில் பிரமிடை ஒட்டிப் புதைத்து வைத்திருந்த மன்னர் கூஃபுவின் படகு லெபனான் தேவதாருவில் செய்தது. இன்று வாங்கும் இடம் லெபனானைத் தாண்டி பின்லாந்துக்கும் ரஷ்யாவுக்கும் நகர்ந்திருக்கிறது.

யார் யாரிடமிருந்து வாங்குகிறார்கள்?

எகிப்துக்கு முக்கிய விற்பனையாளர்கள் ரஷ்யா, ஸ்வீடன், பின்லாந்து. பின்லாந்தின் அறுத்த மர ஏற்றுமதிப் பட்டியலில் சீனா, ஜப்பான், பிரிட்டனோடு எகிப்து பெயரும் மேலேயே இருக்கும். கெய்ரோத் தச்சர்கள் பைனை 'மோஸ்கி', 'சுவேத்' என்று அழைப்பதே அது வந்த திசையைக் காட்டிவிடுகிறது. வாங்குவது பெரும்பாலும் நடுத்தர, கீழ்த்தரப் பலகை. முடிச்சு நிறைய இருக்கும், விலை குறைவு.

இந்தியாவின் பட்டியல் தெற்குப் பக்கம் சாய்ந்தது. நியூசிலாந்தின் ரேடியேட்டா பைன் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்தது. உருகுவே, ஆஸ்திரேலியா, அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்து வரும் சதர்ன் எல்லோ பைன் மற்றவை. அறுத்த பலகையாக வருவது ஜெர்மனி, பின்லாந்து, ஸ்வீடன் சரக்கும், கனடாவின் ஹெம்லாக், டக்ளஸ் ஃபரும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் இந்தியாவில் ஆள் வைத்தே பல ஆண்டுகளாக விளம்பரம் செய்கிறது. சந்தை நினைத்த வேகத்தில் வளரவில்லை என்பது என் கணிப்பு. ஐந்துக்கும் பத்துக்கும் இடையிலான அந்த வரி இருக்கும்வரை அது கடினம்தான்.

ஆஸ்திரேலியா இங்கே வந்த கதை சுவாரசியம். 2020 கடைசியில் பூச்சியைக் காரணம் காட்டி சீனா ஆஸ்திரேலிய உருட்டு மரத்தை நிறுத்தியது. திக்குத் தெரியாமல் நின்ற சரக்கு இந்தியப் பக்கம் திரும்பியது. 2023 மே மாதம் சீனா மறுபடி கதவைத் திறந்தது.

நியூசிலாந்து மரம் இந்தியாவுக்கு வருவது ஏன் முடங்கியது?

விலையாலோ வரியாலோ அல்ல, ஒரு வாயுவால். இந்தியாவின் 2003ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை, உருட்டு மரத்தை மெத்தில் புரோமைடு புகையிட்டோ சூடேற்றியோ பூச்சி நீக்கி அனுப்பச் சொல்கிறது. முப்பதாயிரம் கன மீட்டர் உருட்டை யாரும் சூடேற்ற மாட்டார்கள். கப்பலின் அடித்தளத்தில் அடுக்கி, மூடி, வாயுவைச் செலுத்துவதுதான் வழக்கம். மெத்தில் புரோமைடு ஓசோன் படலத்தைச் சிதைப்பது. வாயுவைத் திரும்பப் பிடிக்காமல் கப்பல் அடித்தளத்தில் புகையிடுவதை நியூசிலாந்து 2023 தொடக்கத்திலிருந்து தடுத்துவிட்டது. சீனா பாஸ்பீன் புகையை ஏற்றுக்கொண்டதால் அங்கே போகும் சரக்கு நிற்கவில்லை. இந்தியாவுக்கான வழி அடைபட்டது. உருகுவேயும் மற்றவர்களும் இடத்தை நிரப்பினார்கள்.

எகிப்துக்கு இந்தத் தொல்லை ஏறக்குறைய இல்லை. பட்டை நீக்கி, அடுப்பில் உலர்த்திய பலகையில் பூச்சி தங்குவது அரிது. உருட்டு வாங்கினால் உருட்டோடு ஒட்டிவரும் சட்டத்தையும் வாங்கத்தான் வேண்டும். வரிச் சலுகையை மட்டும் கணக்கிடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

நாணய மதிப்பு இறக்குமதியை எவ்வளவு பாதிக்கிறது?

எகிப்தில் எல்லாவற்றையும்விட அதிகமாக. 2022 தொடக்கத்தில் டாலருக்கு 16 எகிப்திய பவுண்டுக்குச் சற்றுக் கீழே. 2024 மார்ச் 6 அன்று நாணயத்தைச் சந்தைக்கு விட்டதும் 50ஐ நெருங்கியது. இரண்டே ஆண்டில் அதே பலகைக்கு மூன்று மடங்கு பவுண்டு. இதே காலத்தில் இந்திய ரூபாய் 75லிருந்து 83 பக்கம் போனது. வலித்தது, ஆனால் கடையை மூடும் வலி இல்லை.

விலையைவிட மோசமானது டாலரே கிடைக்காமல் போனது. 2022 பிப்ரவரியில் எகிப்து மத்திய வங்கி, இறக்குமதிக்கு வங்கிக் கடனுறுதிக் கடிதம், அதாவது விற்பவருக்குப் பணம் தருவதாக வங்கி முன்கூட்டியே தரும் உறுதி, கட்டாயம் என்றது. அதற்கு முன் வியாபாரிகள் சரக்கு ஆவணம் வங்கிக்கு வந்தபின் பணம் கட்டும் முறையில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வங்கியில் அந்நியச் செலாவணி இல்லை, கடிதம் திறக்க முடியவில்லை, துறைமுகங்களில் சரக்கு தேங்கியது. அந்த ஆண்டு டிசம்பர் கடைசியில் விதியை விலக்கினார்கள். ஆகவே எகிப்தின் 2022, 2023 இறக்குமதி எண்களைப் பார்த்து "தேவை குறைந்துவிட்டது" என்று எழுதாதீர்கள். தேவை இருந்தது, டாலர் இல்லை.

ரஷ்யா மீதான தடைகள் யாருக்கு லாபம்?

எகிப்துக்கு. 2022 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய மரத்தை முற்றிலும் நிறுத்தியது. மரம் முறையாக வெட்டப்பட்டதென்று சான்று தரும் அமைப்புகள் ஏற்கனவே மார்ச்சிலேயே ரஷ்ய மரத்தைக் கைகழுவிவிட்டன. விற்க இடமில்லாத ரஷ்யப் பலகைக்குச் சீனா, மத்திய ஆசியா, எகிப்து திறந்திருந்த வாசல்கள். இந்தியாவுக்கு லாபம் சொற்பம். காரணம் எளிது: ஊசியிலை உருட்டு மர ஏற்றுமதியை ரஷ்யா 2022 ஜனவரி 1 முதல் தானே தடைசெய்திருந்தது. இந்தியா விரும்புவது அதைத்தான்.

செங்கடல் நெருக்கடி?

2023 நவம்பரிலிருந்து யேமனின் ஹூத்தி கிளர்ச்சியாளர்களின் தாக்குதலால் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கின. ஐரோப்பாவிலிருந்து கன்டெய்னரில் இந்தியா வரும் பலகைக்கு நாளும் கட்டணமும் கூடின. உருகுவே, ஆஸ்திரேலிய உருட்டுக்கு அந்த வழியே தேவையில்லை. எகிப்துக்கு மரம் மத்தியதரைக் கடல் வழியாக வருவதால் மர வியாபாரி தப்பித்தார். சூயஸ் கால்வாயில் கப்பல்கள் கட்டும் கட்டண வருவாய் குறைந்து அரசின் டாலர் கையிருப்பு அடிவாங்கியது வேறு கணக்கு.

இவ்வளவு மரமும் எங்கே போகிறது?

அமெரிக்காவில் பைன் என்றால் வீட்டின் எலும்புக்கூடு. இந்த இரண்டு நாடுகளிலும் அது பெரும்பாலும் தற்காலிக வேலைக்காரன். கான்கிரீட் ஊற்றும்போது தாங்கும் முட்டுக்கம்பும் பலகையும், சரக்கு கட்டும் பெட்டியும், போர்க்லிப்ட் தூக்கும் பேலட்டும். எகிப்தில் இதோடு அறைகலன் தொழில் சேரும். நைல் கழிமுகத்தில் தமியெட்டா ஊரே தச்சுப்பட்டறைகளால் ஆனது. 2019இல் அங்கே தனியாக அறைகலன் நகரம் ஒன்றையும் திறந்தார்கள். கதவு, சன்னல் சட்டம், சோபாவின் உள்கூடு எல்லாம் மோஸ்கி பைன்.

இந்தியாவில் அறைகலனுக்குத் தேக்கும் மாமரமும் ரப்பர் மரமும் பிளைவுட்டும் போட்டி. அதனால் பைன் பேக்கிங் பக்கம் சாய்ந்தது. ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இருந்து இயந்திரம் வெளிநாடு போகும்போது அடியில் இருக்கும் பேலட்டைப் பாருங்கள்: 'எச்.டி.' முத்திரை இருக்கும். மரத்தின் உட்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டது என்று பொருள்.

தமிழ்நாட்டில் இறக்குமதிப் பைனின் பங்கு என்ன?

வடக்கைவிடக் குறைவு. தூத்துக்குடி, சென்னைத் துறைமுகங்கள் வழியாக மரம் வருகிறது. செங்கோட்டை, தென்காசிப் பக்கத்துச் சாமில்கள் பெயர்பெற்றவை. ஆனால் சாரத்துக்குச் சவுக்கு இருக்கிறது, பெட்டிக்குக் கேரளத்து ரப்பர் மரம் இருக்கிறது. பைன் வாங்கக் காரணம் இருந்தால்தான் வாங்குவார்கள்.

டாலர் மதிப்பை வைத்து ஒப்பிடுவது பாதுகாப்பானதா?

அளவைவிடச் சுலபம், ஆனால் மூன்று இடத்தில் கவனம் வேண்டும். இறக்குமதி மதிப்பில் கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்திருக்கும். விற்ற நாட்டின் ஏற்றுமதி மதிப்பில் இருக்காது. இந்தியாவின் நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை, எகிப்தின் நிதியாண்டு ஜூலை முதல் ஜூன் வரை. மூலம் எந்த ஆண்டைச் சொல்கிறது என்று பாருங்கள். 2021இல் உலகம் முழுக்க மரவிலையும் கப்பல் கட்டணமும் எகிறின. அந்த ஆண்டை அடிப்படை ஆண்டாக வைத்தால் அதற்குப் பின் எல்லாமே சரிவாகத் தெரியும்.

இறக்குமதியைக் குறைக்க யாருக்கு வாய்ப்பு அதிகம்?

இந்தியாவுக்கு, ஆனால் தன் ஊசியிலைக் காட்டை வெட்டி அல்ல. அது இமயமலையில் இருக்கிறது, பூட்டியும் இருக்கிறது. மரங்களைக் கட்டிப்பிடித்துக் காத்த சிப்கோ போராட்டத்துக்குப் பின் 1981இல் அன்றைய உத்தரப் பிரதேச மலைப்பகுதியில் 1,000 மீட்டருக்கு மேல் பச்சை மரம் வெட்டுவது நிறுத்தப்பட்டது. 1988 வனக்கொள்கை காட்டை வருவாய்க்கு முன்னால் வைத்தது. கோதவர்மன் வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்சநீதிமன்றம் போட்ட உத்தரவு, அனுமதி பெற்ற செயல்திட்டம் இல்லாமல் எந்தக் காட்டிலும் கோடரி வைக்கக்கூடாது என்றது. இறக்குமதி பெருகியதற்கு இவையும் காரணம்.

வாய்ப்பு இருப்பது விவசாய நிலத்தில். ஹரியானாவின் யமுனாநகரைச் சுற்றி வளரும் பாப்லர், ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் யூகலிப்டஸ், சவுக்கு, கேரளத்தின் ரப்பர் இவையெல்லாம் பைன் செய்யும் வேலையில் ஒரு பகுதியை ஏற்கனவே செய்கின்றன. பெரிய கட்டுமானங்களில் சென்ட்ரிங் பலகையை அலுமினிய அச்சுகள் தள்ளிக்கொண்டிருக்கின்றன.

எகிப்து கரும்புச் சக்கையிலிருந்து துகள் பலகை செய்கிறது. வயலோரம் காற்றுத் தடுப்புக்கு அங்கும் சவுக்கு நடுகிறார்கள். சோபாவின் உள்கூட்டுக்கும் கதவுச் சட்டத்துக்கும் இரண்டுமே ஆகாது. நைலின் தண்ணீர் கோதுமைக்கே போதாதபோது, பலகை மரத்துக்குத் தோட்டம் போடும் அளவுக்கு நீர் அங்கே இல்லை.